நாலு புளியங்கொட்டை

காளீஸ்வரின்னு எழுதுங்க. ஆமா, அந்தக் கட்டத்துலதான். வறுமைக்குக் காரணம் என்னன்னு இப்ப வாசிச்சீகள்ல, அதுக்கு நேரா காளீஸ்வரின்னு எழுதுங்க. பக்கத்து வீட்டுக்காரி. வாசல்ல பசுமாடு ரெண்டு நிக்குதே, அந்த வீடு. என்ன முழிக்கிறீக? மழையில்லை, படிப்பில்லை, குடிப்பழக்கம், இந்த மூணுல ஒண்ணைத்தான் தொட முடியுமா? அப்ப உங்க போனு சரியில்ல தாயி. மழை ஊருக்கேதான் பெய்யல. அவ வாசல்ல மட்டும் எப்படி ரெண்டு மாடு நிக்குதுன்னு உங்க போனைக் கேளுங்க, சொல்லுதா பாப்போம்.

உக்காருங்க. நாற்காலி கிடையாது, இந்தச் சாக்குதான். கரி அள்ளின சாக்கு, சேலையில ஒட்டும். ஒட்டட்டும், எங்க மேல பதினேழு வருசமா ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கு. தண்ணி மட்டும் கேட்டுறாதீக. தள்ளுவண்டியில குடத்தை அடுக்கிக்கிட்டுப் போயி மூணு மைலுக்கு அங்கிட்டு இருந்து பிடிச்சாந்தது. கேட்டா இல்லைன்னு சொல்ல மாட்டேன், ஆனா மனசு ஒப்பாது. உள்ளதைச் சொல்லிட்டேன்.

உங்களுக்கு முன்னாடி எம்புட்டுப் பேரு வந்துட்டாக இந்த வெள்ளாங்குண்டுக்கு! ஒருத்தரு வந்தாரு, காளான் வளக்கச் சொன்னாரு. ஈரச்சாக்கைச் சுத்தித் தொங்கவிடணுமாம். மனுசன் நாக்கு நனைக்கவே தண்ணியக் காணோம், சாக்கை எங்கிட்டுப் போயி நனைக்க? இன்னொரு அம்மா வந்து நாள் பூரா கை கழுவச் சொல்லிக் குடுத்துச்சு. அப்புறம் கோழிக்குஞ்சு குடுத்தாக. வெள்ளைக் குஞ்சு. போட்டோ எடுத்தன்னைக்கு நின்னதோட சரி, சித்திரை வெயில்ல ஒண்ணொண்ணாக் கால நீட்டிருச்சு. ஏழை எதனால ஏழையா இருக்கான்னு எங்களைக் கேக்குறீக. உங்களை மாதிரி ஆளுகளுக்குப் பதில் சொல்லிச் சொல்லியே பாதிப் பொழப்புப் போச்சு.

கோவிச்சுக்காதீக. நீங்க சின்னப்பிள்ளை. யாரோ அனுப்பினாக, வந்தீக.

கதைக்கு வாரேன். ரெண்டு வருசத்துக்கு முந்தி, தை மாசம், மாடு குடுக்குற திட்டம்னு ஒண்ணு வந்துச்சு. சொசைட்டிக்குப் பால் ஊத்தலாம், மிச்சத்தைப் பிள்ளைக குடிக்கலாம், நல்ல மாடு. ஆனா ஊர்ல ஆரு ரொம்ப ஏழையோ அவுகளுக்கு மட்டுந்தான். ஆரு ரொம்ப ஏழைங்கிறதை ஆபீசுல இருந்து சொல்ல மாட்டாகளாம், ஊரே கூடிச் சொல்லணுமாம். நல்ல யோசனை கண்டுபிடிச்சான் பாருங்க ஒருத்தன்! அவனை மட்டும் நான் நேர்ல பாத்தேன்னு வையுங்க, இந்தக் கரிமண்வெட்டியாலயே பேசுவேன்.

தெருவை அடைச்சுக் கோலமாவுல ஊரு படம் போடணும். கண்மாய், கோயிலு, பள்ளிக்கூடம், வீடு வீடா ஒரு கட்டம். அப்புறம் ஒவ்வொரு கட்டத்துலயும் புளியங்கொட்டை வைக்கணும். நாலு கொட்டை வச்சா வசதி. மூணு வச்சா நடுத்தரம். ரெண்டுன்னா ஏழை. ஒத்தைக் கொட்டைன்னா மிக ஏழை, மாடு அவுகளுக்கு. அந்தந்த வீட்டுக்காரி வந்து நின்னு சொல்லணும், ஊரு ஆமான்னு சொல்லணும். செல்வின் அப்படின்னு ஒரு தம்பி, கண்ணாடி போட்டவரு, அவருதான் நடத்துனாரு. வியாழக்கிழமை வாரோம்னு சொல்லிட்டுப் போனவரு, புதன்கிழமையே வந்து இறங்குறாரு. வேன் அன்னைக்குத்தான் கிடைச்சுச்சாம்.

அந்தப் புதன்கிழமை என்ன நாளு தெரியுமா? என் மக வினிதாவைப் பாக்க மேலக்குண்டுல இருந்து மாப்பிள்ளை வீட்டுக்காரக வார நாளு. வீடு பாக்குறதுன்னா சும்மா பொண்ணை மட்டுமா பாப்பாக? அடுப்பங்கரை வரைக்கும் கண்ணு போகும். பிடிச்சாக் கை நனைப்பாக. பிடிக்காட்டி, ஒரு டம்ளர் தண்ணி கூடக் குடிக்காம எந்திரிச்சுப் போயிருவாக. அதுக்கப்புறம் அந்தப் பொண்ணை எவன் கேப்பான்?

எங்க வீட்டுல என்ன இருந்துச்சு பாக்க? வினிதா அப்பாவுக்கு முந்துன வருசம், விறகை அடுக்கி மண்ணு மூடி எரிச்ச கரிமூட்டத்தைப் பிரிக்கையில கங்கு சரிஞ்சு, முழங்காலுக்குக் கீழ வெந்து போச்சு. அதுல இருந்து வேலையில்லை. பீரோ இல்லை, மிக்சி இல்லை. வாசல்ல கட்ட ஒரு ஆட்டுக்குட்டி இல்லை. நான் என்ன செய்ய? காளீஸ்வரிகிட்ட அவ மாட்டைக் கேட்டேன். அப்ப அவகிட்ட ஒரு மாடுதான். விடியக்காலையிலயே பிடிச்சாந்து கட்டிட்டா. பீரோவையும் அவளும் அவ தம்பியும் தூக்கியாந்து வச்சாக. மிக்சி, ரெண்டு சேரு, நல்ல பாயி, எவர்சில்வர் குடம், அம்புட்டும் அவ வீட்டுது. "இன்னும் என்ன மதினி வேணும்?"னு கேட்டுக் கேட்டு எடுத்தாந்தா. அப்பவே எனக்குத் தோணிச்சு, இவ என்னடா இம்புட்டுத் தாராளமா இருக்காளேன்னு.

எங்க வீட்டுக்காரருக்குச் சலவை வேட்டியைக் கணுக்கால் வரைக்கும் இறக்கிக் கட்டிவிட்டு, எந்திரிக்கவே கூடாதுன்னு சொல்லி ஒரு சேர்ல உக்கார வச்சேன்.

மாப்பிள்ளை வீட்டு ஆளுக எட்டுப் பேரு வந்து உக்காந்தாக. வடை சுட்டு எடுத்தாரதுக்குள்ள தெருவுல வேன் சத்தம். தெரு அகலமா இருக்கது எங்க வாசல்லதான். செல்வின் தம்பி அங்கேயே கோலமாவைக் கொட்ட ஆரம்பிச்சுட்டாரு! சம்பந்தி தங்கச்சாமி, அப்ப இன்னும் சம்பந்தி ஆகல, அவரு சேரைத் தூக்கிக்கிட்டு வந்து வாசல்ல போட்டு வேடிக்கை பாக்குறாரு. படம் பாக்குற மாதிரி.

ஒவ்வொரு வீடாக் கூப்பிட்டாக. எங்க வீடு வந்துச்சு. "இந்த வீடு எப்படிம்மா?"ன்னு தம்பி கேக்குறாரு. ஊர்க்காரிக நாப்பது பேரு நிக்காக. ஒருத்திக்குத் தெரியாது? அந்த மாடு ஆரு மாடுன்னு கைப்பிள்ளை கூடச் சொல்லும். ஒருத்தி வாயத் தொறக்கணுமே! எல்லாரும் என் மூஞ்சியவே பாக்காக. கல்யாணக் காரியத்துல எங்க ஊரு வாயி தொறக்காது. மத்த நாள்ல அடுத்த வீட்டு உலையில என்ன கொதிக்குதுன்னு பேசுறவளுக, அன்னைக்கு ஒருத்தி தும்மக்கூட இல்லை.

நான் குனிஞ்சு, இந்தக் கையால, நாலு கொட்டை வச்சேன்.

வேற என்ன வைக்கச் சொல்றீக? ஒத்தைக் கொட்டை வச்சுப்புட்டு, "வாங்க சம்பந்தி, சாப்பிடுங்க"ன்னு இலையப் போடவா? என் நிலைமையில நீங்க இருந்தா என்ன செஞ்சிருப்பீக? எழுதிக்கிட்டே இருக்கீக.

அடுத்த கட்டம் காளீஸ்வரி வீடு. தம்பி எட்டி உள்ள பாக்குறாரு. பீரோ இல்லை, பாயி இல்லை, மாட்டுக்கொட்டாயில மாடு இல்லை. புருசன் திருப்பூருக்குப் போனவன் ஆறு வருசமாத் திரும்பல. "அய்யோ, இந்த வீட்டுல ஒண்ணுமே இல்லையே"ங்கிறாரு. அவ என்னைப் பாத்தா. மாப்பிள்ளை வீட்டுக்காரகளைப் பாத்தா. தலையக் குனிஞ்சுக்கிட்டா. தம்பியே ஒத்தைக் கொட்டைய எடுத்து வச்சுட்டாரு. ஊரு ஆமான்னுச்சு.

பாத்தீகளா சாமர்த்தியத்தை? "அய்யா, அங்க நிக்குற மாடு என்னோடது"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? சொல்லியிருந்தாக் கல்யாணம் நின்னுருக்கும், அது வேற விசயம். ஆனா சொல்லியிருக்கணும்ல? அவளுக்கு நியாயம் இருந்தாச் சொல்லியிருப்பா.

மாப்பிள்ளை வீட்டுக்காரக கை நனைச்சாக. மூணு மூணு வடை தின்னாக. மறுநாளு நாங்க மாப்பிள்ளை வீடு பாக்கப் போனா, அங்கயும் இதே வேன், இதே கோலமாவு. ஒரே பஞ்சாயத்துதான நாங்க. ஆனா அவுக கதை வேற. கொட்டாயில மாடு, வாசல்ல டிராக்டரு நிக்குது. சிவப்புக் கலரு, புதுசு. தங்கச்சாமி நாலு கொட்டையக் கையில எடுத்துக் குலுக்கி, சோழி உருட்டுற மாதிரி உருட்டிவிட்டாரு பாருங்க. அதுதான் உண்மையான நாலு. எனக்கு அப்பத்தான் வயித்துல பால் வார்த்த மாதிரி இருந்துச்சு. என் மக நல்ல இடத்துக்குப் போறான்னு.

பங்குனியில கல்யாணம் முடிஞ்சுச்சு. பத்து நாள் கழிச்சு காளீஸ்வரி வந்து நிக்கா. "மதினி, மாடு குடுக்கப் போறாகளாம். நம்ம ரெண்டு பேரும் ஆபீசுக்குப் போயி உள்ளதைச் சொல்லிருவோம், உங்களுக்குத்தான் வரணும் அது"ங்கிறா. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! கல்யாண மஞ்சள் இன்னும் காயல. ஆபீசுல சொன்னா அது மேலக்குண்டுக்குப் போக எம்புட்டு நேரம்? என் மகளை வாழாவெட்டியாக்கணும்னே வந்திருக்கா. அடி, உனக்குப் புருசன் போயிட்டாங்கிறதுக்காக எம் மக வாழக் கூடாதாடின்னு கேட்டுட்டேன். வாசல்ல வச்சுக் கேட்டேன். நாலு பேரு பாத்தாக. அவ அழுதுக்கிட்டே போனா. அடுத்த மாசம் மாடு வந்து இறங்குச்சு, மாலை போட்டு போட்டோ எடுத்தாக. என் மாடு. நான் வச்ச நாலு கொட்டையில அவளுக்கு வந்த மாடு. அன்னைக்கு நின்ன பேச்சு, இன்னைக்கு வரைக்கும் அவ மூஞ்சியில முழிக்கிறதில்லை.

அந்தா உள்ள படுத்திருக்கா பாருங்க, அவதான் வினிதா. ஏழு மாசம். தலைப்பிரசவம் தாய் வீட்டுலதான பாக்கணும். அஞ்சாம் மாசமே வந்துட்டா, அங்க மாமியாளுக்கு உடம்புக்கு முடியலயாம், அதான். காதுல வேப்பங்குச்சி இருக்கேன்னு பாக்குறீகளா? தோடு போட்டாப் புண்ணு வருது, கழட்டி வச்சிருக்கா. நர்சம்மா வந்து கண்ணை இழுத்துப் பாத்துட்டு, ரத்தமே இல்லையேம்மா, இப்படியே விட்டா தாயும் தங்காது பிள்ளையும் தங்காதுன்னு சொல்லிட்டுப் போச்சு. பாலு குடுங்க, முட்டை குடுங்கன்னுச்சு. சொல்லிட்டுப் போயிரலாம், ஆருக்கென்ன. எனக்கு ராத்திரி தூக்கம் இல்லை தாயி. பயமா இருக்கு. பெத்தவ வாயால சொல்லக் கூடாது, ஆனாப் பயமா இருக்கு. ஒரு மாடு மட்டும் என் வாசல்ல நின்னா, பாலுக்குப் பாலு, வித்தா அரிசி, இவளைப் பிழைக்க வச்சுருவேன். அதுக்குத்தான் இம்புட்டு நேரம் உங்ககிட்ட தொண்டை வத்தக் கத்துறேன்.

தினமும் காலையில அவ ஒரு சொம்புப் பாலு கொண்டாந்து வாசல்ல வச்சுட்டுப் போறா. பேசுறதில்லை. வச்சுட்டுப் போயிருவா. நான் தொடுவேனா? நாக்குல படுமா அது? வினிதா குடிக்கிறா, அது வேற விசயம். பிள்ளைத்தாச்சி, அவளை என்ன சொல்ல?

சரி, அதை விடுங்க. நீங்க எப்படி எங்க வீட்டுக்கு வந்தீக? உங்க லிஸ்டுலதான் நாங்க வசதியாச்சே. ஆரு சொன்னது?

காளீஸ்வரியா?

அவ எதுக்கு உங்க ஆபீசுக்கு வந்தா? மனுவா? காட்டுங்க. இல்ல, நீங்களே வாசிங்க, நான் எழுத்துக் கூட்டி வாசிக்கிறதுக்குள்ள பொழுது சாஞ்சுரும். ம். "அன்னைக்கு என் மாடு சந்தனமாரி மதினி வீட்டுல நின்னது. அதைச் சொல்லாதது என் தப்பு. எனக்குக் குடுத்த மாட்டை எடுத்துக்கிட்டு அவுகளுக்குக் குடுக்கணும்." மதினின்னே எழுதியிருக்காளா? மூணு தரம் வந்தாளா ஆபீசுக்கு?

நடிப்பு தாயி, நடிப்பு. ஒன்றரை வருசம் பாலைக் கறந்து வித்துட்டு, மாடு வத்தப் போற நேரத்துல மனுக் குடுக்கா. வத்தலையா? கன்னு போட்டு ரெண்டு மாசந்தான் ஆகுதா? சரி, அது வேற விசயம்.

நான் என்ன செய்யணுங்கிறீக இப்ப? அன்னைக்கு நின்ன மாடு எங்களோடது இல்லை, நாங்க மிக ஏழைன்னு கையெழுத்துப் போடணும். போட்டா? பஞ்சாயத்து ஆபீஸ் செவுத்துல பதினஞ்சு நாளு ஒட்டுவீகளா? பேரோடவா? இந்தக் கையெழுத்து உங்களுக்குக் கிடைக்காது. அந்தச் செவுத்தைத் தாண்டித்தான் எங்க சம்பந்தி ரேசன் கடைக்குப் போறாரு. ரேசன் அரிசி திங்கிற ஆளு இல்லை அவரு, மாட்டுக்குத் தீவனமா வாங்கிட்டுப் போறாரு. அவரு கண்ணுல இது பட்டா என் மகளை என்ன கேள்வி கேப்பாக அங்க? மாட்டை இரவல் வாங்கிக் கட்டி ஏமாத்தின கூட்டம்னு பேச மாட்டாகளா? வேண்டாம் தாயி, மாடும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். எந்திரிங்க.

ஏய், நீ ஏன்டி எந்திரிச்சு வார? போயிப் படு. பெரியவுக பேசிக்கிட்டு இருக்கோம்.

என்ன சொன்ன?

கேட்டீகளா இவ சொல்றதை? "அந்த டிராக்டரு அவுகளோடது இல்லம்மா"ங்கிறா. எந்த டிராக்டருடி? சிவப்பு டிராக்டரா? பக்கத்து வீட்டுக்காரனோடதா? அப்ப மாடு? அதுவுமா? நாங்க வீடு பாக்க வந்து வாசல்ல நிக்கோம்னுதான் உங்க மாமனாரு நாலு கொட்டை உருட்டினாரா? ஒரு குறுக்கம் நிலம் கூட இல்லையா? மாமியாளுக்கு ஒண்ணும் இல்லையா? பின்ன எதுக்குடி அஞ்சாம் மாசமே வந்த?

சோறு இல்லைன்னு வந்தாளாம்.

தோட்டை அவுகதான் அடகு வச்சாகளாம். இருங்க தாயி. கொஞ்சம் இருங்க. ஒன்றரை வருசமா ஒரு வார்த்தை சொல்லலையே இவ! ஏன்டி சொல்லல? எங்கிட்ட சொல்றதுக்கு என்னடி? "நீ ஊரெல்லாம் பெருமையாப் பேசிக்கிட்டுத் திரிஞ்ச, எப்படிச் சொல்ல"ங்கிறா. என் வயித்துல பிறந்த பிள்ளை என்னைப் பாத்துப் பயந்து பட்டினி கிடந்திருக்கு.

அடப் பாவி தங்கச்சாமி! நல்லா இருப்பியா நீ? அடுத்தவன் டிராக்டரைக் கொண்டாந்து வாசல்ல நிறுத்தி ஒரு பொண்ணைக் கட்டிக்கிட்டுப் போறதுக்கு எம்புட்டு நெஞ்சழுத்தம் வேணும்! மனுசன்னா ஒரு மனசாட்சி வேண்டாமா? இந்த மாதிரி ஆளுகளாலதான் தாயி ஊரு உருப்படாமக் கிடக்கு. அதை எழுதுங்க உங்க போன்ல.

குடுங்க அந்தப் பேப்பரை. போடுறேன் கையெழுத்து. ஆனா அதுக்கு முன்னாடி இன்னொரு பேரு எழுதணும். தங்கச்சாமி, தகப்பன் பேரு சுப்பு, மேலக்குண்டு. அதுவும் உங்க பஞ்சாயத்துதான, எழுதலாம்ல? விட்டுப்போன ஆளுகளைச் சேக்கத்தான வந்திருக்கீக? சேருங்க. மிக ஏழைன்னு போடுங்க. சாட்சிக்கு நான் இருக்கேன், அவரு மருமகளே இந்தா நிக்கா. செவுத்துல ஒட்டுங்க, பதினஞ்சு நாளு என்ன, பதினஞ்சு வருசம் இருக்கட்டும். பஸ்ஸுல போறவன் இறங்கி வாசிச்சுட்டுப் போகட்டும்.

இப்ப எங்களுக்கு. சந்தனமாரி, வெள்ளாங்குண்டு. ஏழைன்னு போடுங்க.

இல்ல, மிக ஏழை இல்ல. ஏழை. காதுல விழுகுதுல்ல? ஏழைன்னாக் கடனுக்கு எழுதிக் குடுப்பீகளே தவிர மாடு கிடையாது, தெரியும். அவருக்கு மாடு வந்துரும், அதுவும் தெரியும். வாங்கிட்டுப் போகட்டும், பிச்சைக்காரப் பய. அந்த ஆளையும் எங்களையும் ஒரே வரிசையில எழுதுவீகளா நீங்க? நாங்க மானத்துக்குப் பயந்து ஒரு பொய் சொன்னவுக. அவன் திருடன். ரெண்டும் ஒண்ணா?

நீ ஏன்டி அப்படிப் பாக்குற? உனக்காகத்தான் சொல்றேன். அந்த வீட்டுக்கு ஒரு படியாவது மேல இருந்தாத்தான் நாளைக்கு அவுக உன்னை மதிப்பாக.

ஏய். எங்க போற? வினிதா. சொம்பை எடுத்துக்கிட்டு எங்கடி போற? காளீஸ்வரி வீட்டுக்கா?

பாயையும்ல சுருட்டிக்கிட்டுப் போறா.

போகட்டும், விடுங்க. பிள்ளைத்தாச்சிக்குக் கோவம் வரும், ரெண்டு நாள்ல வந்துருவா. நீங்க எழுதியாச்சா? ஏழைன்னுதான எழுதியிருக்கு? எனக்கு ஒரு தரம் சத்தமா வாசிச்சுக் காட்டுங்க.